பழைய அவுட்போர்டு மோட்டார் வாங்கலாமா? கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கடியப்பட்டணம்): எங்கள் பைபர் வள்ளத்தின் பின்பக்கம் மாட்ட இரண்டு சிலிண்டர் கொண்ட 9.9 எச்.பி. மண்ணெண்ணெய் மோட்டார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும் என்று விற்பவர் சொல்கிறார். பார்க்கப் போகும்போது முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கயிற்றை இழுப்பதற்கு முன் இன்ஜின் தலையைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வரும் நேரம் தெரிந்து அவர் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார் என்று பொருள். தேநீர் குடித்துவிட்டு, அது நன்றாக ஆறிய பிறகு வாருங்கள். தேய்ந்த மோட்டார்கூட சூட்டில் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். அதன் உண்மை நிலை காலைக் குளிரில்தான் தெரியும்.

மண்ணெண்ணெய் மோட்டாரைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். விற்பவர்கள் பெரும்பாலும் பெட்ரோலில் மட்டும் ஓட்டிக் காட்டிவிட்டு நிறுத்திவிடுவார்கள். மண்ணெண்ணெய்க்கு மாற்றச் சொல்லி, வேகத்தைக் குறைத்துப் பத்து நிமிடமாவது ஓடவிட்டுக் கேளுங்கள். அடுத்த ஸ்டார்ட்டுக்குக் கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்க வேண்டும் என்பதற்காக, நிறுத்துவதற்கு முன் மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றும் பழக்கம் அவருக்கு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டாரை வைத்திருந்தவரின் கையைப் பற்றி அந்த ஒரு செயலே நிறையச் சொல்லிவிடும்.

இவை அனைத்தையும் தண்ணீர் நிரம்பிய டிரம்மில் வைத்தே செய்ய வேண்டும். தண்ணீரில்லாமல் ஓட்டினால், இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் பம்பிலுள்ள ரப்பர் இம்பெல்லர் (சுழலும் இறக்கை) சிறிது நேரத்திலேயே கருகிவிடும். ஓடும்போது பக்கவாட்டிலுள்ள சிறு துளையிலிருந்து தண்ணீர் விடாமல் பீய்ச்ச வேண்டும். நூல்போலச் சொட்டினால் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், அல்லது உள்வழிகளில் உப்பு படிந்திருக்கலாம். முன்னதை மாற்றுவது சிறு செலவு, பின்னது பெரிய வேலை.

கேள்வி (குறும்பனை): கரையேறும்போது அலையில் வள்ளம் கவிழ்ந்து கடலில் விழுந்த மோட்டார் என்று தெரிந்தால், அதை வேண்டாம் என்று விட்டுவிட வேண்டுமா, அண்ணாச்சி?

பதில்: அப்படிப் பார்த்தால் நம் கரையில் வாங்குவதற்கு மோட்டாரே கிடைக்காது. துறைமுகம் இல்லாத ஊர்களில் ஆனி, ஆடி அலைக்குள் வள்ளம் இறக்குகிறவர்களின் மோட்டார் ஒருமுறையாவது கடலைக் குடிக்கும். அது விழுந்ததா என்று கேட்பதைவிட, விழுந்த பிறகு முதல் சில மணி நேரத்தில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். உடனே நன்னீரில் கழுவி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டரிலுள்ள தண்ணீரை வெளியேற்றி, எண்ணெய் விட்டு, அன்றைக்கே ஓட்டிச் சூடேற்றியிருந்தால் பயமில்லை. மெக்கானிக் வரத் தாமதமாகும் என்று நன்னீர்த் தொட்டியிலேயே முழுதாக மூழ்க வைத்திருந்தாலும் சரிதான், ஏனென்றால் உப்பும் காற்றும் சேரும்போதுதான் துரு வேகமாகப் பிடிக்கிறது. கரையில் தூக்கி வைத்து, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட மோட்டாரைத்தான் ஒதுக்க வேண்டும்.

அப்படியொரு மோட்டார் என்னிடம் வந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, இன்ஜினின் மேலுள்ள பிளைவீல் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றியபோது மட்டும், மணலை அரைப்பதுபோல் ஒரு கரகரப்பு விரலுக்குத் தெரிந்தது. பிரித்துப் பார்த்தால் கிராங்க் பேரிங்கின் உருளைகள் செம்மண் நிறத்தில் இருந்தன. வாங்கியவர் இரண்டே மாதம்தான் தொழிலுக்குப் போயிருந்தார். ஆகவே நீங்களும் பிளக்கைக் கழற்றிச் சுற்றிப் பாருங்கள். அதற்குக் காசு செலவில்லை.

கேள்வி (தூத்தூர்): கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) எவ்வளவு இருந்தால் நல்லது?

பதில்: மண்ணெண்ணெய் மாடல்களில் கம்ப்ரஷன் குறைவாகவே வைத்துச் செய்கிறார்கள், அதனால் பெட்ரோல் மோட்டாரின் எண்ணோடு ஒப்பிட்டு ஏமாற வேண்டாம். இரண்டு சிலிண்டருக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 10 சதவீதத்துக்கு மேல் போனால், பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ பழுதென்று வைத்து விலை பேசுங்கள்.

கேள்வி (மணக்குடி): கியர் ஆயில் மோர்போல வெள்ளையாக இருக்கிறது. விற்பவர் ஆயிலை மாற்றித் தருகிறேன் என்கிறார்.

பதில்: மாற்றினாலும் மறுபடியும் மோராகத்தான் ஆகும். சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. சீல் மலிவுதான்; ஆனால் அந்த நிலையில் எத்தனை நாள் ஓடியது, கியர்ப் பற்கள் எப்படி இருக்கின்றன என்று பிரித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (பள்ளம்): ஷாப்ட் (விசிறிவரை கீழே இறங்கும் தண்டு) நீளம் முக்கியமா?

பதில்: முக்கியம். வழக்கமான அளவுகள் 15 அங்குலம், 20 அங்குலம். மோட்டார் மாட்டும் பலகையின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு போங்கள். ஷாப்ட் குட்டையாக இருந்தால் அலையில் விசிறி (புரொப்பெல்லர்) தண்ணீரைவிட்டு எழும்பிக் காற்றில் சுற்றும்.

கேள்வி (முட்டம்): என் கணவர் ஆழ்கடலுக்குப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் விற்றுவிடுவோம், முன்பணம் கொடுங்கள் என்கிறார்கள். என்ன காகிதம் கேட்க வேண்டும்?

பதில்: சகோதரி, மாட்டும் பிடிப்பில் உள்ள தகட்டிலிருக்கும் வரிசை எண்ணைப் போனில் படம் எடுத்து, முதல் பில்லோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். தகடு பிடுங்கப்பட்டிருந்தால், எவ்வளவு மலிவானாலும் தொட வேண்டாம். அரசு மானியத்தில் வாங்கிய மோட்டாரா என்றும் கேளுங்கள். ஆம் என்றால், அதை விற்க அனுமதி உண்டா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கொடுங்கள். அவசரப்படுத்துகிறவரிடம், குளிர்ந்த மோட்டாரை டிரம்மில் ஓட்டிக் காட்டும் நாள் எது என்று கேட்டுப் பாருங்கள். நாள் சொன்னால், ஊரிலுள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போய்ப் பார்த்த பிறகு முன்பணம் கொடுக்கலாம். இல்லையென்றால் உங்கள் கணவர் கரைக்கு வரும்வரை பொறுத்திருங்கள்.