டூலா நீட்டும் தாளில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறோம். எனக்கு இப்போது 33 வாரம். முதல் குழந்தை சிசேரியன். இரண்டாவதை வீட்டிலேயே பெற்றுக்கொள்ள ஆசை. உதவிக்கு வரும் டூலா (பிரசவ நேரத் துணையாள்), ‘எது நடந்தாலும் நாங்களே பொறுப்பு’ என்ற தாளில் நானும் கணவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார். கணவர் மாட்டேன் என்கிறார், மாமியார் தினமும் சண்டை. வீட்டுப் பிரசவம் இங்கே சட்டப்படி சரியா? கணவரின் சம்மதம் கட்டாயமா?

பதில்: நீங்கள் அனுப்பிய தாளின் படத்தைத்தான் முதலில் பார்த்தேன் அம்மா. நாலே வரி. உங்கள் பெயர், அடையாள அட்டை எண், கணவர் பெயர், தேதி என்று வரிசையாகக் கோடு போட்டிருக்கிறது. டூலாவின் பெயருக்கு மட்டும் கோடு இல்லை!

வீட்டில் பிள்ளை பெறுவதைச் சிங்கப்பூர்ச் சட்டம் தடுக்கவில்லை. கம்பத்து (கிராமத்து) வீடுகள் இருந்த காலத்தில் பிடான் என்ற மலாய் மருத்துவச்சி வந்து பிறந்தவர்கள் நம் குடும்பங்களிலேயே உண்டு. பிரசவம் பார்ப்பது யார் என்பதில்தான் சட்டம் கறார். தாதியர், மருத்துவச்சியர் சட்டப்படி, பதிவும் நடப்பு உரிமமும் உள்ளவரே மருத்துவச்சி வேலை செய்யலாம். தாதிமை வாரியத்தின் பதிவேட்டில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். டூலா என்பவர் இடுப்பை நீவி விடுவார், தைரியம் சொல்வார். அது நல்ல துணை, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துணையே பிள்ளையைக் கையில் ஏந்தும் ஆளாகிவிடக் கூடாது. உங்கள் கடிதத்தில் டாக்டர் பேச்சும் இல்லை, மருத்துவச்சி பேச்சும் இல்லை. எனக்குக் கவலை அதுதான்.

கணவரின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. மாமியார் கணக்கிலேயே இல்லை. சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய பெண்ணின் உடலுக்கு அவள் சொல்தான் செல்லும். முடிவு மற்றவருக்கு முட்டாள்தனமாகப் பட்டாலும், அதை வைத்து அவளுக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்ல மனத்திறன் சட்டம் இடம் தரவில்லை. நீங்கள் மயங்கி விழுந்தால் கதை வேறு. அப்போது டாக்டர்கள் உங்கள் நலனைக் கருதிச் செய்வார்கள், கணவரைக் கலந்துகொள்வார்கள். அந்த நேரத்தில் அவர் உங்கள் விருப்பம் தெரிந்தவராக இருப்பது நல்லது.

இனி அந்தத் தாள். நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் சட்டத்தின் 2ஆவது பிரிவு, தொழில் செய்பவர் தம் கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ பொறுப்பில்லை என்று எழுதி வாங்குவதைச் செல்லாததாக்குகிறது. காசு வாங்கிக்கொண்டு வருகிற டூலாவுக்கும் இது பொருந்தும். ஆகவே கையெழுத்துப் போட்டாலும் வழக்குப் போடும் உரிமை போய்விடாது. ஆனால் இதில் நிம்மதி கொள்ளாதீர்கள். கவனக்குறைவு என்று நிரூபிக்கும் வேலை உங்களுடையது. ஜெயித்தாலும் இழப்பீடு வசூலிக்க அவரிடம் காப்புறுதி இருக்க வேண்டுமே? தாளில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆம்புலன்ஸ் எண் 995ஐ எந்த அறிகுறி கண்டதும் அழைப்பது என்றும் இல்லை. ஆம்புலன்ஸ் அருகிலுள்ள பொருத்தமான மருத்துவமனைக்குத்தான் போகும். நீங்கள் விரும்பும் மருத்துவமனைக்கே கொண்டுபோவார்கள் என்று நம்பியிருக்க முடியாது. ஸ்ட்ரெச்சர் படுக்கைவாக்கில் உங்கள் புளோக் லிஃப்டில் நுழையுமா என்று இன்றைக்கே பாருங்கள்.

ஏற்கெனவே சிசேரியன் ஆனவருக்கு வலி எடுக்கும்போது பழைய தையலில் கர்ப்பப்பை கிழியும் அபாயம் ஏறத்தாழ 200இல் ஒன்று என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு. உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். மறைக்க அவருக்கு உரிமை இல்லை. 2015இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தீர்த்த மான்ட்கோமரி வழக்கே பிரசவ வழக்குதான். சர்க்கரை நோயுள்ள, உயரம் குறைந்த தாயிடம், குழந்தையின் தோள் சிக்கலாம் என்று டாக்டர் சொல்லவில்லை. மகன் மூளை முடக்கத்தோடு பிறந்தான். தாய் ஜெயித்தார். நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் அந்த வழியில் நடந்தது. 2022 ஜூலை முதல் குடிமைச் சட்டத்தின் 37ஆவது பிரிவு புது அளவுகோல் வைத்திருக்கிறது. நோயாளி முடிவெடுக்க நியாயமாகத் தேவைப்படும் தகவலை டாக்டர் கருத்தில் கொண்டே ஆக வேண்டும். நீங்கள் வாய்விட்டுக் கேட்டால் அந்தக் கடமை இன்னும் கெட்டிப்படும். கேட்டதையும் பதிலையும் அன்றே தேதியோடு குறித்து வையுங்கள்.

பிறப்புப் பதிவு 42 நாளுக்குள். எங்கே பிறந்தாலும் அதே கெடு. தகுதியுள்ளவர் யாரும் உடனில்லாமல் பிறந்தால், பிள்ளை உங்களுடையதுதான் என்று காட்டும் சுமை உங்கள் தலையில் விழும். ஸ்கேன் அறிக்கை, கிளினிக் அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், தையல் போட்ட வயிற்றோடு மருத்துவமனைக்கே போகச் சொல்வேன், டூலாவையும் அங்கே அழைத்துச் செல்ல முடியுமா என்று கேட்டு வைக்கச் சொல்வேன். வீடுதான் என்றால், பதிவுபெற்ற மருத்துவச்சியோ டாக்டரோ யார் வருகிறார், அவர் பதிவு எண் என்ன, காப்புறுதி என்ன, எப்போது மருத்துவமனைக்குக் கிளம்புவது, இந்த நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். அதுவரை பேனாவைத் திறக்காதீர்கள்.