கடலில் ஒரு கயாக் கவிழ்ந்தால் குழுவில் எல்லோரும் உதவிக்குப் போக வேண்டுமா?

கயாக் என்பது மேல்பக்கம் மூடிய, துடுப்பால் செலுத்தும் ஒல்லியான படகு. அதில் ஐந்து பேராகப் போகும்போது ஒருவர் கவிழ்ந்தால், மற்ற நால்வரும் ஓட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. ஒருவர்தான் நெருங்க வேண்டும். அலையில் நான்கு படகுகள் ஒரே இடத்தில் முட்டினால் நடுவில் இருப்பது நீந்துபவரின் தலை.

"அப்போ மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதா?" என்று சிலர் கோபப்படுவார்கள். இல்லை, அவர்களுக்கும் வேலை இருக்கிறது. பாறையோ அலை உடையும் இடமோ பக்கத்தில் இருந்தால், இரண்டாமவர் மீட்பவரின் படகில் இழுகயிற்றை மாட்டி இரண்டு படகுகளையும் சேர்த்து வெளியே இழுக்க வேண்டும். சுமார் 15 மீட்டர் நீளம், மிதக்கும் கயிறு, இடுப்பில் ஒரே இழுப்பில் கழன்றுவிடும் பெல்ட். கத்தி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், கயிறு சுற்றிக்கொண்டால் வேறு வழியில்லை. மற்ற இருவரும் ஒன்றாக, சற்றுத் தள்ளி, காற்றைப் பார்த்து நிற்கட்டும். ஒருவர் ரேடியோவைக் கையில் வைத்திருக்கட்டும். அவசர அழைப்புக்குக் கடல் ரேடியோவின் விஎச்எஃப் சேனல் 16.

கவிழ்ந்தவருக்கு முதல் விதி: படகை விடக்கூடாது. காலிப் படகைக் காற்று தள்ளிக்கொண்டு போகும் வேகத்துக்கு யாராலும் நீந்த முடியாது. அலை வரும் பக்கமாகவே இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் தண்ணீர் நிறைந்த படகு வந்து மோதும். அதில் 100 லிட்டர் இருந்தால் 100 கிலோ.

மீட்பவர் கவிழ்ந்த படகின் முன்முனைக்குக் குறுக்காக, 'டி' எழுத்து வடிவில் வர வேண்டும். நீந்துபவர் பின்முனையைக் கீழே அழுத்த, இவர் முன்முனையைத் தன் மடிக்கு முன்னால் ஏற்றினால், தலைகீழாக இருக்கும் காக்பிட்டிலிருந்து (உட்காரும் குழியிலிருந்து) தண்ணீர் கொட்டிவிடும். இருக்கைக்குப் பின்னால் தண்ணீர் புகாத தடுப்புச் சுவர் இல்லாத படகில் இது நடக்காது. அதில் காற்றுப்பைகளை முன்பே திணித்திருக்க வேண்டும். பிறகு மீட்பவர் அதை நிமிர்த்தி, இரு படகுகளின் முன்முனைகளும் எதிரெதிர்த் திசையில் இருக்கும்படி பக்கவாட்டில் சேர்த்து, அதன் காக்பிட் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்து, உடல் எடை முழுவதையும் அதன்மேல் சாய்க்க வேண்டும். பயந்து நிமிர்ந்து உட்கார்ந்தால் இரண்டு பேரும் கவிழ்வீர்கள். இரு படகுகளுக்கு நடுவில் விரல் போகக்கூடாது, நசுங்கிவிடும்.

ஏறுபவர் வெளிப்பக்கத்திலிருந்து முதலில் கால்களை நீர்மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். கால் தொங்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு இழுத்தாலும் ஏற முடியாது. காக்பிட்டுக்குப் பின்னால் உள்ள மேல்தளத்தில் குப்புறப் படுத்து, கால்களை உள்ளே விட்டு, மீட்பவரின் பக்கமாகவே உடலைத் திருப்பி உட்கார வேண்டும். மிச்சத் தண்ணீரைப் பம்ப் செய்து, ஸ்ப்ரே ஸ்கர்ட்டை (இடுப்பைச் சுற்றி காக்பிட்டை மூடும் துணியை) மாட்டி, துடுப்பு அவர் கைக்கு வரும்வரை மீட்பவர் பிடியை விடக்கூடாது. அவசரத்தில் இங்கே விட்டுவிடுவதால்தான் பலர் இரண்டாம் முறை கவிழ்கிறார்கள்.

குளிர்ந்த நீரில் முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும். கைகால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம்தான். வரிசை தெரியாமல் யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனம் கேட்கவில்லை. லைஃப் ஜாக்கெட்டைப் படகின் மேல்தளத்தில் கட்டிவைத்துக்கொண்டு போகிறவர்களை இன்னும் பார்க்க முடிகிறது. கவிழ்ந்தபின் அதைத் தண்ணீரில் மாட்ட முயன்று பார்த்தால் தெரியும். கவிழ்ந்ததும் ஸ்கர்ட்டைக் கழற்ற இழுக்க வேண்டிய வளையத்தை உள்ளே மடித்துவிட்டுக் கிளம்புகிறவர்களும் உண்டு. அடுத்தவர் படகில் அந்த வளையம் வெளியே தெரிகிறதா என்று பார்க்காமல் கரையிலிருந்து யாரையும் தள்ளிவிடாதீர்கள்.