போக்கர் கற்றுக்கொண்டு அதில் முன்னேற சிறந்த வழி எது?

ரம்மி நன்றாக ஆடுவீர்கள், டெக்சஸ் ஹோல்டம் என்ற போக்கர் வகையின் விதிகள் தெரியும், வார இறுதியில் நண்பர்களோடு ஆடுகிறீர்கள், ஆனாலும் ஒரு வருடமாக ஆட்டம் வளரவில்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். ஆடும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்து, ஆடி முடித்த ஆட்டங்களைப் பிரித்துப் பார்க்கும் நேரத்தைக் கூட்டுங்கள் என்பதுதான் என் பதில்.

காரணம் இருக்கிறது. கேரம் ஆடினால் தப்பாக அடித்த அடுத்த நொடியே தப்பு தெரிந்துவிடும். போக்கரில் அப்படித் தெரியாது. கையில் ஏஸ் ஜோடி, எதிரே ராஜா ஜோடி, இருவரும் மொத்த சிப்பையும் (பந்தயமாக வைக்கும் வில்லைகள்) வைத்துவிட்டார்கள் என்றால் ஏஸ் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 82 சதவீதம். அதாவது ஐந்து முறைக்கு ஒரு முறை, சரியாக ஆடியவர் தோற்கிறார், தப்பாக ஆடியவர் சிப்பை அள்ளுகிறார். ஒரு மாலைக்குள் இப்படி நாலைந்து முறை நடந்தால் மனது தவறான பாடத்தைப் படித்துக்கொள்ளும். பல வருடம் ஆடியும் பலர் அப்படியே இருப்பது இதனால்தான். அனுபவம் சேர்ந்துகொண்டே போகிறது, ஆனால் எது சரி எது தப்பு என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை.

முதலில் சட்டம். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொன்னது உண்மை. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்றே பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. ஆகவே நான் சொல்வதெல்லாம் காசில்லாத சிப்பை வைத்துத்தான். கற்பதற்குக் காசு தேவையே இல்லை. இலவச சிப்பில் யாரும் ஃபோல்ட் செய்ய, அதாவது சீட்டைப் போட்டுவிட்டு அந்த ஆட்டத்திலிருந்து விலக, மாட்டார்கள் என்பது நியாயமான புகார்தான். அதற்கு வழி, சிப்பைத் தட்டுப்பாடாக்குவது. ஒரு மாலைக்கு ஆளுக்கு 200 சிப், தீர்ந்தால் அன்று மறுபடி கிடையாது, மிச்சத்தை ஒரு நோட்டில் மாதக்கணக்கில் எழுதி வைப்பது. பெயருக்கு நேரே எண் ஏறி இறங்குவதைப் பார்த்தாலே எல்லோரும் ஒழுங்காக ஆட ஆரம்பிப்பார்கள்.

ரம்மிக்காரர்களுக்கு ஒரு பெரிய பலமும் ஒரு பெரிய பழக்கதோஷமும் உண்டு. எதிராளி எதை எடுத்தார், எதைப் போட்டார் என்று பார்த்து அவர் கையை ஊகிக்கும் புத்தி, அது பலம். அதை விடாதீர்கள். பழக்கதோஷம் டிராப் விஷயத்தில் வருகிறது. ரம்மியில் முதல் சுற்றிலேயே டிராப் ஆனாலும் 20 பாயின்ட் போகும், அதனால் கை சுமாராக இருந்தாலும் ஓட்டிப் பார்க்கத் தோன்றும். ஹோல்டமில் பிளைண்ட் (சீட்டு வருமுன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் சிப்) கட்டாத இடத்தில் உட்கார்ந்திருந்தால் ஃபோல்ட் செய்ய ஒரு சிப் கூடச் செலவில்லை. இந்த ஒரு வித்தியாசம் மனதில் பதிந்தாலே வீணாகச் சிப் கசிவது பாதி நின்றுவிடும். ஆறு பேர் ஆடும் மேசையில், முதலில் பேச வேண்டிய இடத்தில் இருந்தால் நூறு கையில் 15, 20-க்கு மேல் ஆடாதீர்கள். பட்டனில், அதாவது கடைசியாகப் பேசும் இடத்தில், 40 வரை போகலாம். அதே இரண்டு சீட்டு ஓரிடத்தில் குப்பை, இன்னோரிடத்தில் நல்ல கை. கடைசியில் பேசுபவருக்கு மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பது முன்கூட்டியே தெரிகிறது. தகவல் மறைந்திருக்கும் ஆட்டத்தில் அதைவிடப் பெரிய சொத்து வேறில்லை.

அப்புறம் கணக்கு. பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும் போதும். டர்ன் சீட்டு, அதாவது மேசையில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் ஐந்தில் நான்காவது, விழுந்தாயிற்று. பாட், அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் மொத்தம், 100 சிப். உங்கள் கையில் இரண்டு ஹார்ட்டின், மேசையில் இரண்டு ஹார்ட்டின். இன்னும் ஒன்று விழுந்தால் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு), விழாவிட்டால் கையில் ஒன்றுமில்லை. எதிராளி 50 வைக்கிறார். கால் செய்யலாமா, அதாவது நாமும் அதே 50-ஐப் போட்டுத் தொடரலாமா?

நீங்கள் 50 போட்டு, மேசையில் இருக்கும் 150-ஐப் பிடிக்கப் பார்க்கிறீர்கள். மொத்தம் 200-ல் உங்கள் 50 கால் பங்கு. ஆக, 25 சதவீதம் ஜெயித்தால் நஷ்டமில்லை. உங்களுக்குத் தெரியாத சீட்டு 46, அதில் ஹார்ட்டின் 9. வாய்ப்பு 19.6 சதவீதம். போதாது. ஆனால் கணக்கு இங்கே முடிவதில்லை. ஃப்ளஷ் அமைந்தால் ரிவரில், அதாவது கடைசியான ஐந்தாவது சீட்டில், எதிராளி இன்னும் எவ்வளவு தருவார்? வகுத்துப் பார்த்தால், அமையும் ஒவ்வொரு முறையும் சராசரியாக இன்னொரு 56 சிப் வந்தால்தான் இந்தக் கால் சமன் ஆகும். மூன்றாவது ஹார்ட்டின் விழுந்ததும் பயந்து ஃபோல்ட் செய்பவர் என்றால் அந்த 56 வராது, நீங்களும் இப்போதே ஃபோல்ட் செய்யுங்கள். எதையும் விடாமல் கால் செய்பவர் என்றால் தாராளமாகக் கால் செய்யலாம். கணக்கு உங்களை ஒரு சரியான கேள்விவரை கொண்டுபோய் விடுகிறது. அந்தக் கேள்விக்கு விடை ஆளைப் பார்த்து வரவேண்டும்.

இதில் ரொம்பப் பேர் சறுக்கும் இடம் ஃப்ளாப், அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டு திறக்கும் கட்டம். அங்கே அதே ஃப்ளஷ்ஷுக்கு ரிவருக்குள் 35 சதவீதம் வாய்ப்பு என்று படித்துவிட்டு, அந்த எண்ணை வைத்து ஃப்ளாப்பில் கால் செய்கிறார்கள். மொத்த சிப்பும் உள்ளே போய், இரண்டு சீட்டையும் இலவசமாகப் பார்க்கப் போகிறோம் என்றால் மட்டும் 35 சரி. டர்னில் இன்னொரு பெட் (பந்தயம்) வரும் என்றால் ஒரு சீட்டுக்கான 19 சதவீதத்தை வைத்துத்தான் யோசிக்க வேண்டும். மேசையில் தசமம் எல்லாம் வேண்டாம். உதவும் சீட்டுகளை எண்ணி இரண்டால் பெருக்கினால் ஒரு சீட்டுக்கான சதவீதம் கிட்டத்தட்ட வந்துவிடும்.

இதற்கு அடுத்த படிதான் ஆட்டத்தை உண்மையில் மாற்றுவது. எதிராளியின் கையில் இந்த இரண்டு சீட்டுதான் இருக்கிறது என்று ஊகிப்பதை நிறுத்திவிட்டு, என்னென்ன கைகள் இருக்கலாம் என்று முழு வரிசையாகப் பார்ப்பது. ரேஞ்ச் என்று சொல்வார்கள். எந்த ஒரு ஜோடியும் ஆறு விதத்தில் அமையும். ஏஸ்-ராணி போன்ற இரு வேறு சீட்டுகள் 16 விதத்தில். மேசையிலோ உங்கள் கையிலோ அந்தச் சீட்டு இருந்தால் எண்ணிக்கை குறையும்.

உங்களிடம் ராஜா ஜோடி என்று வைத்துக்கொள்வோம். எதிராளி ரெய்ஸ் (பந்தயத்தை ஏற்றுகிறார்), நீங்கள் திருப்பி ரெய்ஸ், அவர் கால். ஃப்ளாப்பில் ஏஸ், 8, 3. ஏஸைப் பார்த்ததும் மனது விட்டுப்போகும். எண்ணிப் பாருங்கள். அவர் ரொம்ப இறுக்கமாக ஆடுபவர், ராணி ஜோடி, ஜாக்கி ஜோடி, ஏஸ்-ராஜா இவற்றோடு மட்டும்தான் கால் செய்வார் என்றால், ஜோடிகள் 12 விதம், ஏஸ்-ராஜா 6 விதம்தான். ஏனென்றால் மிச்சம் மூன்று ஏஸ், இரண்டு ராஜா. நீங்கள் இன்னும் முன்னாலேயே இருக்கிறீர்கள். ஏஸ்-ராணியையும் விடமாட்டார் என்றால் அதில் 12 விதம் கூடி, 12-க்கு எதிராக 18 ஆகிவிடுகிறது. பத்து ஜோடி, ஒன்பது ஜோடியோடும் கால் செய்பவர் என்றால் மறுபடி 24-க்கு 18 என்று உங்கள் பக்கம் சாய்கிறது. மேசையில் இருக்கும் சீட்டு ஒன்றுதான், உங்கள் கையும் ஒன்றுதான். எதிரே உட்கார்ந்திருப்பவர் ஆரம்பத்தில் எதோடெல்லாம் உள்ளே வருவார் என்பதில் முடிவே மாறுகிறது. இதனால்தான் நீங்கள் ஃபோல்ட் செய்த பிறகும் போனைப் பார்க்காமல் ஆட்டத்தைக் கவனிக்க வேண்டும் என்கிறேன். ரிவரில் அவர் திறந்து காட்டும் ஒவ்வொரு கையும் இந்தக் கணக்குக்கான தகவல்.

இதை மேசையில் இருபது நொடிக்குள் செய்ய யாராலும் முடியாது. வீட்டில் செய்துசெய்து பழகினால்தான் மேசையில் பாதியாவது வரும். அதற்கு நோட்டு. ஒரு மாலையில் உங்களைக் குழப்பிய இரண்டு ஆட்டம் போதும். சீட்டு, உட்கார்ந்த இடம், ஒவ்வொரு கட்டத்திலும் பாட் எவ்வளவு, யார் எவ்வளவு வைத்தார் என்று எழுதுங்கள். யார் ஜெயித்தார் என்பதை எழுதவே எழுதாதீர்கள், அது தெரிந்தால் யோசனை அந்தப் பக்கமே போகும். மறுநாள் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்திலும் எதிராளியின் வரிசையில் எது மிஞ்சுகிறது, எது விழுகிறது என்று எண்ணுங்கள்.

2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற நிரல், நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களை 1,20,000 ஆட்டங்கள் கொண்ட போக்கர் போட்டியில் வென்றது. தன்னோடு தானே ஆடிக் கற்ற நிரல் அது. பகலில் எதிராளிகள் அது யோசித்திராத அளவுகளில் பெட் வைத்து அதன் ஓட்டைகளைத் தேடினார்கள். இரவில் அது அந்த இடங்களுக்கு மட்டும் புதிதாகக் கணக்குப் போட்டு அடைத்துக்கொண்டது. மறுநாள் அதே ஓட்டை இருக்காது. அவ்வளவு பெரிய கணினியே பகலில் ஆடி இரவில்தான் திருத்திக்கொண்டது என்பது எனக்கு மறக்கவே முடியாத விவரம்.

இன்று அந்த வகைக் கணக்கைச் செய்யும் சால்வர் மென்பொருள்கள் கிடைக்கின்றன. நல்ல கருவிதான், ஆனால் உங்கள் நிலையில் அவசரம் இல்லை. அது சொல்லும் விடை, எதிராளியும் குறையில்லாமல் ஆடுகிறார் என்ற அனுமானத்தில் வருவது. உங்கள் நண்பர்கள் அப்படி ஆடுவதில்லை. முதலில் உங்கள் விடையை நோட்டில் எழுதி, பிறகு சால்வரில் பார்த்து, ஏன் மாறுகிறது என்று யோசித்தால் பயன் உண்டு. அட்டவணையை மனப்பாடம் செய்தால் புதிதாக ஒரு பெட் வந்ததும் திண்டாடுவீர்கள்.

பிளஃப், அதாவது நல்ல கை இல்லாமலே இருப்பதுபோல் பெட் வைப்பது, அதைப் பற்றிச் சுருக்கமாக. பாட் அளவில் பாதியை வைத்துப் பிளஃப் செய்தால் மூன்றில் ஒரு முறை எதிராளி ஃபோல்ட் செய்தாலே போதும், முழு பாட் அளவு வைத்தால் இரண்டில் ஒரு முறை வேண்டும். எதையும் கால் செய்யும் நண்பரிடம் பிளஃபே வேண்டாம், நல்ல கை வரும்போது பெரிதாக வையுங்கள்.

கோபம் தலைக்கேறினால் எழுந்துவிடுங்கள். மேலே சொன்ன எந்தக் கணக்கும் அந்த நேரத்தில் வேலை செய்யாது.

கடைசியாக, கூட ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடுபவர், முகத்துக்கு நேரே தப்பு என்று சொல்லக்கூடியவர். இருவரும் வாரம் ஒருமுறை நோட்டை மாற்றிக்கொண்டு பாருங்கள். அப்படி யாரும் கிடைக்கவில்லை என்றால், உங்களைக் குழப்பிய ஓர் ஆட்டத்தை இங்கேயே கமென்ட்டில் போடுங்கள், நானும் எண்ணிப் பார்க்கிறேன். உட்கார்ந்த இடமும் சிப் எண்ணிக்கையும் கட்டாயம் எழுதுங்கள், யார் ஜெயித்தார் என்று சொல்ல வேண்டாம்.