காந்தம் ஒட்டாத உலோகத்தைக் காந்தம் நசுக்குமா? – கடிதம்

அன்புள்ள சார்,

பூமிக்குள்ளும் வியாழனுக்குள்ளும் இருக்கும் அழுத்தம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஹைட்ராலிக் பிரஸ் ஓட்டுகிறவன் நான். காந்தப்புலத்தால் உலோகக் குழாயை உள்நோக்கி நசுக்கிச் சோதிக்கிறார்கள் என்று அதில் ஒரு வரி வந்தது. தாமிரத்திலும் அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாதே, அப்புறம் எப்படி நசுக்கும்? அழுத்தம்தான் வேண்டும் என்றால் வெடிமருந்து போதாதா?

ம., கொரட்டூர்

அன்புள்ள ம.,

நசுக்குவது குழாய் வழியே ஓடும் மின்சாரம்தான். சமையலறை அலுமினியத் தாளில் இரண்டு நாடாக்களை ஒல்லியாக வெட்டி, அரை சென்டிமீட்டர் இடைவெளியில் தளர்வாகத் தொங்கவிடுங்கள். இரண்டிலும் ஒரே திசையில் மின்சாரம் போகும்படி டார்ச் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். அதற்கு மேல் வைத்தால் சூடாகிவிடும். நாடாக்கள் லேசாக ஒன்றை நோக்கி ஒன்று இழுபடும். குழாய் என்பது இப்படிப்பட்ட நாடாக்கள் வட்டமாக நிற்பதுதான். எல்லாம் ஒன்றையொன்று இழுத்தால் உள்பக்கமாகத்தானே சுருங்க வேண்டும்?

மின்னலே இதைச் செய்து காட்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஹார்ட்லி வேல் மண்ணெண்ணெய் ஆலையில், இடிதாங்கியாக இருந்த தாமிரக் குழாய் மின்னல் இறங்கியதும் நசுங்கிப்போனது. 1905இல் பொல்லாக், பாராக்ளவ் என்ற இருவர் அதை ஆராய்ந்து, மின்னோட்டத்தின் காந்தவிசைதான் நசுக்கியது என்று விளக்கினார்கள்.

இன்று அந்த வேலையை அமெரிக்காவில் ஆல்புகெர்க்கியில் உள்ள சாண்டியா ஆய்வகத்தின் இசட் இயந்திரம் செய்கிறது. உச்சத்தில் சுமார் 2 கோடியே 60 லட்சம் ஆம்பியர். மின்னோட்டம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். மின்னோட்டம் அப்படியே இருந்து குழாயின் ஆரம் பாதியானாலும் நான்கு மடங்குதான். சுருங்கச் சுருங்கப் பிடி இறுகும். தட்டைத் தகட்டை விட்டுக் குழாயை எடுத்துக்கொண்டதற்கு இது பெரிய காரணம்.

வெடிமருந்து விஷயத்துக்கு வருகிறேன். எவ்வளவு அழுத்தம் என்று மட்டும் கேட்டால் போதாது, அது எப்படி ஏறியது என்றும் கேட்க வேண்டும். சம்மட்டியால் அடிப்பதற்கும் பிரஸ்ஸில் அமுக்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெடிமருந்து பொருளுக்குள் அதிர்வலையை, அதாவது ஒரேயடியாக எகிறும் அழுத்த அலையை, அனுப்பும். அதில் பொருள் அழுந்துவதோடு கடுமையாகச் சூடேறும், உருகியும் விடும். அதற்கு மேல் அடித்தால் பெரும்பகுதி சூடாகவே போய்விடும், அடர்த்தி அவ்வளவாகக் கூடாது. வியாழனின் உள்ளே நிலைமை வேறு. அதே அழுத்தத்தில் அங்கே வெப்பம் மிகக் குறைவு. அந்த நிலையில் பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிய வேண்டுமானால் அழுத்தத்தைச் சீராக ஏற்றியாக வேண்டும்.

அதில்தான் சிக்கல். அழுந்திய உலோகத்தில் ஒலியும் அழுத்த அலையும் இன்னும் வேகமாக ஓடும். பின்னால் கிளம்பிய அழுத்த அலை முன்னால் போனதை எட்டிப் பிடித்தால் மறுபடியும் அதிர்வலைதான். அதனால் மின்சாரம் எப்படி ஏற வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரேயடியாக விடும் 36 மின்தேக்கி அடுக்குகளையும் முன்பின்னாகத் திறந்துவிடுகிறார்கள். எல்லாம் ஒரு மைக்ரோநொடிக்குள். நிதானமாக அழுத்த இரண்டு வைரங்களுக்கு இடையே வைக்கலாமே என்றால், வைக்கிறார்கள், நம் கல்பாக்கத்திலும். ஆனால் வழக்கமான அமைப்பில் 400 கிகாபாஸ்கல் வாக்கில் (ஒரு கிகாபாஸ்கல் என்பது காற்று நம்மை அழுத்துவதைப் போலச் சுமார் பத்தாயிரம் மடங்கு) வைரமே உடைந்துவிடும்.

இயந்திரத்தைவிட அளக்கும் விதம்தான் எனக்குப் பெரிய சாதனையாகப் படுகிறது. 2016இல் வெளியான சோதனையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள். உள்ளே சோதிக்க வேண்டிய டாண்டலம் என்ற உலோகம் அல்லது தாமிரம், வெளியே மின்சாரத்தைத் தாங்கும் அலுமினியம். இவற்றைச் சுற்றி, தள்ளி, இன்னொரு அலுமினியக் குழாய். உள்குழாயின் உட்சுவர் மையத்தை நோக்கிப் பாயும் வேகத்தை, அதில் பட்டுத் திரும்பும் லேசரின் அதிர்வெண் மாற்றத்தை வைத்து அளக்கிறார்கள். சுற்றியிருக்கும் குழாயில் மின்சாரம் எதிர்த்திசையில் ஓடுவதால் அது வெளிப்பக்கமாகத் தள்ளப்படுகிறதல்லவா, அந்த வேகத்தையும் விடுவதில்லை. இந்த இரண்டு வேகங்களையும் கணினிக் கணக்கில் கொடுத்து, ஓடிய மின்னோட்டத்தையும் மாதிரியின் அழுத்தத்தையும் அடர்த்தியையும் பெறுகிறார்கள். 1000 கிகாபாஸ்கல் வரை போனார்கள், பூமியின் மையத்தில் இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மின்சாரம் அலுமினியத்தில் ஊறி மாதிரியை எட்டிவிட்டால் அதையும் சூடாக்கிவிடும், அதற்குள் அளந்து முடித்தாக வேண்டும்.