வரைபடம் போட்ட பிறகா கேட்பது?

கேள்வி: சென்னைப் பெருநகருக்கு 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டம் (எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் மாஸ்டர் பிளான்) தயாராகிறது. இதற்கு மக்களிடமும் கருத்துக் கேட்கிறார்கள். நகரமைப்பு படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை இது. ஜனங்களிடம் கேட்டால் அவரவர் தெருவுக்குச் சாலையும் விளக்கும்தானே கேட்பார்கள்? வீண் வேலை இல்லையா? (ஒரு வாசகர், திருவள்ளூர் மாவட்டம்)

பதில்: படித்தவர்கள் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்ததன் பலனைப் பள்ளிக்கரணையில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் சதுப்புநிலம் அது. அலுவலகக் கோப்புகளுக்கு அது வெற்று நிலம். ஒரு பக்கம் மாநகரத்தின் குப்பையைக் கொட்டினோம். மற்ற பக்கங்களில் சாலை, ரயில் நிலையம், அலுவலகங்கள், அடுக்குமாடிகள். 2015 டிசம்பரில் பக்கத்திலிருக்கும் வேளச்சேரி முழுகியது. 2022இல் அந்தச் சதுப்புநிலத்துக்கு சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தபோது மிஞ்சியிருந்தது பழைய பரப்பில் ஒரு பகுதிதான். எந்த ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்தக் கால்வாய் வழியாக எங்கே போகும் என்று அந்தப் பக்கம் மடை திறந்து விவசாயம் செய்த குடும்பங்களுக்குத் தெரியும். அவர்களை யாரும் கேட்கவில்லை.

தெருவிளக்குதான் கேட்பார்கள் என்கிறீர்கள். முதல் கூட்டத்தில் அதைத்தான் கேட்பார்கள், சந்தேகமே இல்லை. கேரளத்தில் 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது கிராம சபைகளில் நடந்ததும் அதுதான்: நீளமான கோரிக்கைப் பட்டியல். அதற்காகக் கதவைச் சாத்திவிடவில்லை. ஒவ்வொரு ஊராட்சியும் தன் நிலம், நீர், தொழில், பள்ளி எல்லாவற்றையும் கணக்கெடுத்து வளர்ச்சி அறிக்கை எழுதியது. அதை வைத்துக் கருத்தரங்கு நடத்தினார்கள். பிறகு ஓய்வுபெற்ற பொறியாளர்களும் ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்த பணிக்குழுக்கள் அதைத் திட்டங்களாக்கின. எல்லாவற்றையும்விட முக்கியம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று முன்பே ஒதுக்கிவிட்டார்கள். கையில் பணம் உண்டு, ஆனால் அளவோடுதான் உண்டு என்று தெரிந்ததும் பேச்சே மாறுகிறது. எது முதலில், எது அடுத்த வருஷம் என்று ஊரே உட்கார்ந்து யோசிக்க வேண்டியதாகிறது. அங்கேயும் குறை உண்டு. நடுத்தர வகுப்பினர் சபைக்கு வருவது குறைவு. ஊராட்சிக்குள் நன்றாக நடந்த வேலை, பல ஊராட்சிகளைக் கடந்து போகும் ஆற்றுப்படுகை அளவுக்கு வளரவில்லை.

நம் ஊரில் என்ன நடக்கிறது? 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, வரைவுத் திட்டத்தை வெளியிட்டு ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாதம் தருகிறார்கள். உங்கள் வயல் வரைபடத்தில் தொழிற்சாலை மண்டலமாக வண்ணம் பூசப்பட்டு வந்த பிறகு நீங்கள் மனு எழுதலாம். மனு என்ன ஆயிற்று என்று யாரைப் போய்க் கேட்பது? இந்த முறை வரைவுக்கு முன்பே, திட்டத்தின் நோக்கங்களைச் சொல்லும் தொலைநோக்கு ஆவணத்துக்கே கருத்துக் கேட்டார்கள், அது நல்ல தொடக்கம். ஆனால் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்திருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்ததில் பெரும்பகுதி வயலும் ஏரியும் மேய்ச்சல் நிலமும். சென்னைக்காரர் நாலு பேர் இணையத்தில் படிவம் நிரப்பினால் அந்த ஊர்கள் பேசியதாக ஆகாது. பெருநகரத் திட்டக் குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243ZE பிரிவு சொல்கிறது. வரைவுத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டியதும் அந்தக் குழுதான். ஆனால் இங்கே அதை எழுதுவது அரசு அமைப்பான சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.).

நிபுணர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொசஸ்தலை ஆற்றில் எவ்வளவு வெள்ளம் வரும் என்று கணக்குப் போட அவர்தான் வேண்டும். அந்த வெள்ளம் போகும் வழியில் எவர் வீடு போகலாம், எவர் வயல் போகக்கூடாது என்பது கணக்கு அல்ல. அதை முடிவு செய்யும் இடத்தில் அந்த வீட்டுக்காரரும் வயல்காரரும் இருந்தாக வேண்டும்.

உங்கள் ஊர் ஊராட்சியாக இருந்தால், அடுத்த கிராம சபையில் ஏரி, வரத்துக்கால்வாய், உபரிநீர் வழியும் கலங்கல், மாடு மேயும் மந்தைவெளி எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு பட்டியலிட்டுத் தீர்மானம் போடுங்கள். குழுமத்துக்கு அனுப்பி, ஏற்கிறீர்களா இல்லையா, ஏன் என்று எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் வந்தால் எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், அப்படியே வெளியிடுகிறோம். வராவிட்டாலும் எழுதுங்கள்.