கொழும்பு பார்க்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி-பதில்

சம்பளம் கைக்கு வரும் வாரங்களில் நண்பர்கள் சேர்ந்து கொழும்புக்குப் போவது நமது தோட்டங்களில் பழகிப்போன விஷயம். அதை ஒட்டி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் பன்னிரண்டு நண்பர்கள். வேன் பேசிவிட்டோம். சனிக்கிழமை அதிகாலை ஒரு மணிக்குப் புறப்பட்டு மியூசியம், புறக்கோட்டை, தாமரைக் கோபுரம், தெஹிவளை மிருகக்காட்சிசாலை, பாராளுமன்றம், காலிமுகத்திடல் எல்லாம் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்பலாமா?
நோர்வூட் வாசகர்

திரும்பலாம், ஆனால் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆறு இடங்களையும் வேன் கண்ணாடிக்குள் இருந்தே பார்த்துவிட்டு வருவீர்கள்.

நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை வழியாகக் கொழும்புக்குச் சுமார் 130 கிலோமீற்றர். நாலு மணி நேரத்துக்குக் குறையாது. மழையும் பனிமூட்டமும் இருந்தால் ஐந்து. மியூசியத்தை ஒழுங்காகப் பார்க்க இரண்டரை மணி நேரம் வேண்டும். மிருகக்காட்சிசாலைக்கு மூன்று மணி நேரம். அதுவும் நகரத்தின் தெற்குக் கோடியில் இருக்கிறது. பாராளுமன்றம் கிழக்கே, கோட்டேயில். ஒரு திசையிலிருந்து மறு திசைக்குப் போகும் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மாலை நாலரைக்குப் பிறகு காலி வீதியில் மாட்டினால் மூன்று கிலோமீற்றருக்கே அரை மணி நேரம் போய்விடும்.

ஒரே நாள்தான் என்றால் மூன்று இடங்களை மட்டும் எடுங்கள். காலை ஒன்பது மணிக்கு மியூசியம் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். வெளியே வந்து விகாரமகாதேவிப் பூங்காவில் கொண்டுபோன சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் ஓய்வெடுங்கள். பிறகு தாமரைக் கோபுரம்: சுமார் 350 மீற்றர் உயரம், 2022 செப்டெம்பரில் மக்களுக்குத் திறந்தார்கள். நாலரை, ஐந்து மணிக்கு மேலே ஏறினால் பகல் வெளிச்சத்தில் துறைமுகத்தையும் கடலையும் பார்க்கலாம், விளக்கு ஏறும் நேரத்தையும் பார்க்கலாம். கடைசியாகக் காலிமுகத்திடல். மிருகக்காட்சிசாலையை இன்னொரு பயணத்துக்கு விடுங்கள். புறக்கோட்டைக்கும் ஆசை என்றால் கோபுரத்தை விட்டுவிட வேண்டும். வேனைப் புறக்கோட்டைக்குள் கொண்டுபோக வேண்டாம். கோட்டை ரயில் நிலையத்தருகே ஆட்களை இறக்கிவிட்டு வேன் வேறிடத்தில் நிற்கட்டும்.

அதைவிட முக்கியமான ஒன்று, சாரதியின் தூக்கம். அதிகாலை ஒரு மணிக்கு எழுப்பிய மனிதரை அன்றிரவு பதினொரு மணிக்குக் கித்துல்கலை வளைவுகளில் ஏற்றுகிறீர்கள். பகலில் நீங்கள் சுற்றும்போது அவர் வெயிலில் நிற்கும் வேனுக்குள் இருக்கிறார். அதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது. இரவு கொழும்பிலோ அவிசாவளையிலோ தங்கி, விடிந்த பின் மலை ஏறுங்கள். சாரதிக்கும் ஒரு கட்டிலும் சாப்பாடும் என்று வேன் பேசும்போதே கணக்கில் சேருங்கள். பன்னிரண்டு பேருக்குப் பங்கிட்டால் அது பெரிய தொகையாக இராது.

வாந்தி வருகிறவர்களை நடு இருக்கைகளில் உட்கார வையுங்கள், பின் வரிசை வேண்டவே வேண்டாம். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. இரண்டு பிஸ்கட், கொஞ்சம் இஞ்சித் தேநீர் போதும். மாத்திரை போடுவதானால் புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன் போட வேண்டும். வளைவில் குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. அந்த மாத்திரை தூக்கம் வரவைக்கும், ஆகவே சாரதிக்குக் கொடுக்கவே கூடாது.

கேள்வி: ரயிலில் போக விரும்புகிறோம். எப்போது பதிய வேண்டும்? பஸ்ஸைவிட நல்லதா?
பண்டாரவளை வாசகர்

பார்க்க அழகு ரயில்தான், நேரத்துக்குப் போய்ச் சேர பஸ்தான். பதுளை பாதை 1924 இல் போட்டு முடிந்தது. கொழும்பு வரை ஏறத்தாழ 292 கிலோமீற்றர், பகல் முழுவதும் அதில் போய்விடும். ஆசன முன்பதிவு முப்பது நாட்களுக்கு முன்பே திறக்கிறது. எல்ல என்ற ஊருக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளால் வார இறுதி ஆசனங்கள் சீக்கிரமே முடிந்துவிடும், ஆகவே திறந்த அன்றே பதியுங்கள். எல்லோருடைய அடையாள அட்டை இலக்கத்தையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயணத்தன்று அட்டையைக் கையோடு கொண்டுபோக மறக்க வேண்டாம்.

உடரட்ட மெனிக்கே ரயில் கண்டிக்குள் போகாமல் பேராதனையிலிருந்து நேரே இறங்கும். பொடி மெனிக்கே கண்டிக்குப் போய்த் திரும்பும். அங்கே எஞ்சின் மறுபக்கம் மாறுவதால் உங்கள் ஆசனமும் பின்னோக்கிப் போகும். தலைசுற்று உள்ளவர்கள் முதலாவதையே எடுங்கள்.

மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை மூடுவது வழக்கம். சில பகுதிகள் நீண்ட நாட்கள் மூடியே கிடக்கும். முந்தின நாள் ஸ்டேசனிலோ 1919 இலக்கத்திலோ கேட்டு, உங்கள் பகுதியில் ரயில் ஓடுகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஓடாவிட்டால் பெரகலை, பலாங்கொடை, இரத்தினபுரி வழி பஸ் இருக்கிறது. ரயிலில் போனால் அன்று மாலைக்கு எந்தத் திட்டமும் வேண்டாம். தாமதம் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் ஐந்து தோழிகள். இரண்டு இரவு தங்க எந்தப் பக்கம் நல்லது? ஆட்டோக்காரர் கூடக் கேட்டால் என்ன செய்வது?
தலவாக்கலை வாசகி

கோட்டை ஸ்டேசனைச் சுற்றியுள்ள மலிவு லொட்ஜ்களைத் தவிருங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் அறை எடுங்கள். தமிழ் கேட்கும் இடம், சைவச் சாப்பாட்டுக் கடைகள் பக்கத்திலேயே இருக்கின்றன, இரவு எட்டு மணிக்கும் வீதியில் குடும்பங்கள் நடமாடும். அறைக்கு முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை: விலை ஆளுக்கா அறைக்கா, குளியலறை உள்ளேயா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, காலையில் எத்தனை மணிக்குள் வெளியேற வேண்டும். அடையாள அட்டைப் பிரதி கேட்பார்கள், ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் கரையோர ரயில் இருக்கிறது. கட்டணம் மிகக் குறைவு, கடல் தண்டவாளத்தை ஒட்டியே வரும். கோட்டையிலிருந்து தெற்கே வரும்போது வலப்பக்கம் உட்காருங்கள். காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் அலுவலகக் கூட்டத்தில் வாசற்படியில்தான் இடம் கிடைக்கும். அந்த நேரத்தில் ஏறாதீர்கள். பஸ் என்றால் காலி வீதியில் 100, 101. மியூசியப் பக்கம் போக புறக்கோட்டையிலிருந்து 138. பொது நூலகத்தில் இறங்கினால் கொஞ்சத் தூரம் நடை.

ஆட்டோவில் ஏறும் முன் ‘மீற்றர் போடுவீங்களா’ என்று கேளுங்கள். போட மாட்டேன் என்றால் பேரம் பேசாமல் அடுத்ததைப் பாருங்கள். பிக்மீ, ஊபர் செயலிகளில் தொகை முன்கூட்டியே தெரிந்துவிடும்; ஏறியதும் வண்டி இலக்கமும் செயலியில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். ஒரு ஆட்டோவில் மூன்று பேர்தான். ஐவருக்கு இரண்டு ஆட்டோவைவிடச் செயலியில் ஒரு வேன் எடுப்பது சில நேரம் இலாபம். இரண்டையும் பார்த்துவிட்டு எடுங்கள். அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119.

கேள்வி: மியூசியத்தில் பழைய கல்லும் பானையும் தவிர என்ன இருக்கிறது என்று என் நண்பர்கள் கேட்கிறார்கள். எதைக் காட்டலாம்?
பொகவந்தலாவை வாசகர்

இரண்டு பொருட்களைத் தேடிப் பிடித்துக் காட்டுங்கள். பிறகு அவர்களே உங்களை விட்டுவிட்டு உள்ளே போவார்கள்.

முதலாவது கண்டி அரசரின் சிம்மாசனம். ஒல்லாந்தர் 1693 இல் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னருக்குக் கொடுத்தது. கடைசியாக அதில் அமர்ந்தவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்ற பெயருடைய மதுரை நாயக்கர் வம்சத்தவர். 1815 இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்ததும் அரசரை வேலூருக்கு நாடு கடத்தினார்கள், சிம்மாசனத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அரசர் 1832 இல் வேலூரிலேயே இறந்தார். சிம்மாசனம் 1934 இல் திரும்பி வந்தது. கைபிடிகளாக இருக்கும் இரண்டு சிங்கங்களையும் கிட்ட நின்று பாருங்கள்.

இரண்டாவது, காலியில் 1911 இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நிறுத்தியது, 1409 என்று திகதியிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் வணங்கப்பட்ட தென்னாவர நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் காணிக்கை செலுத்துகிறது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தத் தீவின் துறைமுகத்தில் பேசியாக வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழ் இருந்தது என்பதைக் கல்லே சொல்கிறது. எழுத்து தேய்ந்திருப்பதால் நேர் முன்னால் நின்றால் தெரியாது, கொஞ்சம் பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

கட்டடமும் பார்க்க வேண்டியது. ஆளுநர் கிரெகரி காலத்தில் கட்டி 1877 ஜனவரி முதலாம் திகதி திறந்தார்கள்; கட்டிக் கொடுத்தவர் வாப்பிச்சி மரிக்கார். அரச விடுமுறை நாட்களில் போவதானால் திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

அங்கிருந்து சுதந்திர சதுக்கத்துக்கு நடந்தே போகலாம். அந்த மண்டபம் கண்டியிலுள்ள மகுல் மடுவ என்ற அரச மண்டபத்தைப் பார்த்துக் கட்டியது. கண்டியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது அந்த மகுல் மடுவவில்தான். சுதந்திரம் கிடைத்த 1948 இலேயே பிரஜாவுரிமைச் சட்டமும் வந்து, தோட்டங்களிலிருந்த நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. அங்கே நிற்கும்போது இளையவர்களுக்கு அதையும் சொல்லுங்கள்.

கேள்வி: புறக்கோட்டையில் எந்தத் தெருவில் என்ன வாங்கலாம்? கைப்பேசி மலிவு என்கிறார்களே?
இராகலை வாசகர்

ஞாயிறு போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். வெள்ளி நண்பகல் தொழுகை நேரத்திலும் பல கடைகள் மூடும். முதலாம் குறுக்குத் தெருவில் கைப்பேசி, மின்சாதனங்கள். இரண்டாம், மூன்றாம் குறுக்குத் தெருக்களில் துணிமணி. சிவப்புப் பள்ளிவாசலும் இரண்டாம் குறுக்குத் தெருவில்தான். நாலாம் குறுக்குத் தெரு பருப்பு, சீனி, வெங்காயம் என்று மொத்த வியாபாரம். நாட்டு மருந்துச் சரக்குக்குக் கெபோஸ் லேன். நகைக்குச் செட்டியார் தெரு. அங்கேயே கதிரேசன் கோவில்கள். கொஞ்சம் நடந்தால் கொச்சிக்கடையில் கருங்கல்லால் கட்டிய பொன்னம்பலவாணேஸ்வரம், கிட்டவே அந்தோனியார் கோவில். சிவன் கோவிலில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போங்கள். அந்தோனியாரிடம் செவ்வாயில் பெருங்கூட்டம்.

கைப்பேசியில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பணம் கொடுக்கும் முன் அதில் *#06# என்று அழுத்துங்கள், பதினைந்து இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண் வரும். பெட்டியில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு உங்கள் பழைய கைப்பேசியில் ஆங்கிலத்தில் ஐ.எம்.ஈ.ஐ. என்ற நான்கு எழுத்துகளை அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த எண்ணை எழுதி 1909க்கு அனுப்புங்கள். தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிந்ததா இல்லையா என்று பதில் வரும். பதியாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், சிம் போட்டு வேலை செய்யாமல் போகலாம். பில்லில் கடை முத்திரையும் அந்த எண்ணும் இருக்க வேண்டும். ‘உத்தரவாதம் வாயால சொன்னா போதாதா’ என்று கேட்கும் கடையை விட்டு வெளியே வாருங்கள். கொழும்புக்கு மறுபடி வந்து சண்டை போடும் செலவு கைப்பேசியின் விலையைத் தாண்டிவிடும்.

கேள்வி: கடலில் குளிக்க எது நல்ல இடம்?
மஸ்கெலியா வாசகர்

காலிமுகத்திடலில் குளிக்கவே கூடாது. அங்கே காற்று வாங்கலாம், இறால் வடை சாப்பிடலாம். கல்கிசையில் உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியில் மட்டும், இடுப்பளவு தண்ணீர் வரை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் கடல் முரடாக இருக்கும், சிவப்புக் கொடி கண்டால் இறங்க வேண்டாம். ஆற்றிலும் குளத்திலும் நீந்தத் தெரிந்தவர்தான் கடலில் துணிந்து போய் மாட்டுகிறார். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள், பலம் தீர்ந்துவிடும். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்ததும் கரைக்குத் திரும்புங்கள். முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்திக் காட்டுங்கள். குடித்தவரை இறங்க விடாதீர்கள்.

கேள்வி: தலைநகரம் கொழும்பா, கோட்டேயா? பாராளுமன்றத்துக்குள் போக முடியுமா?
ஹப்புத்தளை வாசகி

ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டேதான் தலைநகரம், வர்த்தகம் கொழும்பில். ஆறாம் பராக்கிரமபாகு ஆண்ட கோட்டே இராச்சியத்தின் தலைநகரும் இதுவே. தியவன்னா ஓயாவின் நடுத் தீவில் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கட்டடத்துக்குப் பாராளுமன்றம் 1982 ஏப்ரலில் குடிவந்தது.

உள்ளே போகலாம், ஆனால் நேரே வாசலில் போய் நின்றால் விடமாட்டார்கள். குழுவினரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வரும் திகதி எழுதிப் படைக்கலச் சேவிதருக்கு (பாராளுமன்றத்தின் ஒழுங்கையும் பாதுகாப்பையும் கவனிக்கும் அதிகாரி) சில வாரங்கள் முன்பே விண்ணப்பியுங்கள். தமிழிலேயே எழுதலாம். சபை கூடும் நாளில் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து விவாதம் கேட்கலாம். கைப்பேசியும் பையும் வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும், உடை கண்ணியமாக இருக்கட்டும். அனுமதி கிடைக்காவிட்டால் கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவெல போகும் 177 பஸ்ஸில் பத்தரமுல்லையில் இறங்கி, தியத உயன பூங்காவின் ஏரிக்கரையிலிருந்து கட்டடத்தைப் பார்க்கலாம். மாலை நாலு மணிக்குப் பிறகு போங்கள். மலைக் குளிருக்குப் பழகிய உடம்புக்கு அந்த வெளியில் நண்பகல் வெயில் தாங்காது, தண்ணீர் போத்தலும் குடையும் ஆளுக்கொன்று வேண்டும்.