போக்ஸ், மெக்கவன், குடி – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

ஐரிஷ் நாட்டுப்பாட்டை பங்க் என்கிற முரட்டு ராக் இசையோடு கலந்த போக்ஸ் குழுவின் பழைய கச்சேரிகளை யூடியூபில் வரிசையாகப் பார்த்தேன். சிலவற்றில் பாடகர் ஷேன் மெக்கவனால் நிற்கவே முடியவில்லை. அந்தப் பாட்டுகளின் வெறியே குடியிலிருந்து வந்ததுதானோ? அவரை வெளியே அனுப்பியதும் குழுவும் படுத்துவிட்டதே?

எம்.

அன்புள்ள எம்.,

அதே கச்சேரிகளை இன்னொரு தடவை போட்டு, மெக்கவனை விட்டுவிட்டு மற்றவர்களைப் பாருங்கள். குழுவில் விசில் வாசிக்கும் ஸ்பைடர் ஸ்டேசி பீர் தட்டால் தன் தலையிலேயே அடித்துக்கொள்வார். பார்த்தால் குடிகாரக் கூத்து. கேட்டால் ஒவ்வொரு அடியும் தாளத்தில் விழும். ஜேம்ஸ் ஃபெர்ன்லி அடிப்படையில் கிட்டார்காரர், இந்தக் குழுவுக்காக அக்கார்டியனைத் தோளில் மாட்டியவர். 1982இல் லண்டன் கிங்ஸ் கிராஸ் பக்கம் சேர்ந்த கூட்டம் இது. அதில் பாதிப் பேர் ஐரிஷ்காரர்களே இல்லை! மெக்கவனும் கென்ட்டில் பிறந்தவர்தான். ஆனால் சின்ன வயதில் அயர்லாந்தின் டிப்பரரியில் அம்மா வீட்டாரோடு இருந்தபோது கேட்ட பாட்டுகள் அவருக்குள் கிடந்தன. அவற்றை பங்க் வேகத்தில் ஓடவிட ஆள் வேண்டும், பயிற்சி வேண்டும். போதையில் அந்த வேகத்துக்கு பாஞ்சோ வாசிக்க முடியாது.

எல்லோருக்கும் தெரிந்த அந்த நியூயார்க் கிறிஸ்துமஸ் பாட்டையே, ‘ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்’கையே எடுத்துக்கொள்ளுங்கள். குழுவின் பாஞ்சோக்காரர் ஜெம் ஃபைனர் முதலில் எழுதியது ஒரு மாலுமியின் கதை. அவர் மனைவி அது சரியில்லை என்று சொல்லி, சண்டை போடும் ஜோடி ஒன்றை யோசனையாகக் கொடுத்தார். பெண் குரலுக்கு நினைத்திருந்த கெய்ட் ஓ'ரியார்டன் 1986இல் குழுவை விட்டுப் போய்விட்டார். அப்புறம் தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட் டேப்பை வீட்டுக்கு எடுத்துப்போய், மனைவி கிர்ஸ்டி மெக்கால் குரலைச் சேர்த்துக் கொண்டுவந்தார். இரண்டு வருட இழுபறிக்குப் பிறகு 1987இல் வெளிவந்து, பிரிட்டனில் இரண்டாம் இடம் பிடித்தது.

படுத்துவிட்டது என்பதும் பாதிதான் சரி. 1991இல் ஜப்பானில் வைத்து மெக்கவனை நீக்கினார்கள். “இத்தனை நாள் ஏன் பொறுத்தீர்கள்?” என்கிற மாதிரி அவரே கேட்டதாக ஃபெர்ன்லி எழுதியிருக்கிறார். கொஞ்ச காலம் ‘தி கிளாஷ்’ பங்க் குழுவில் பாடிய ஜோ ஸ்ட்ரம்மர் பாடினார், பிறகு ஸ்டேசி. 1993இல் ஸ்டேசி பாடிய ஒரு பாட்டு பிரிட்டனில் முதல் இருபதுக்குள் வந்தது. 1996இல்தான் கடை மூடினார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிந்தைய கதை. 2001இல் மெக்கவனோடு மறுபடி சேர்ந்து 2014 வரை மேடை ஏறினார்கள். அரங்கு நிறைந்தது, ஆனால் புது ஆல்பம் ஒன்றுகூட வரவில்லை. ஆள் திரும்பி வந்தார், பாட்டு எழுதிய கை வரவில்லை. குடிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. எண்பதுகளில் ஓய்வே இல்லாமல் ஊர் ஊராகச் சுற்றியதற்கும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன. ஆக, வெறியைக் குடி கொடுத்தது என்கிறீர்கள். நான் குடி எடுத்துக்கொண்ட கணக்கைத்தான் பார்க்கிறேன்.

எல்விஸ் காஸ்டெல்லோ தயாரித்த 1985 ஆல்பத்தின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். முதல் உலகப்போரில் துருக்கியின் கலிப்போலியில் கால்களை இழந்த ஆஸ்திரேலியச் சிப்பாயின் பாட்டு, எழுதியவர் எரிக் போகில். எட்டு நிமிடம், அவசரமே இல்லாமல், கதை சொல்கிற நிதானத்தில் பாடுகிறார் மெக்கவன். நிற்க முடியாத அந்த ஆளை வைத்து இவரை எடைபோடாதீர்கள்.